பார்க்கின்சன் நோயின் சுற்றுச்சூழல் காரணங்கள்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தந்தை வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் கத்தரியும் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்டவர். அவருடைய 64ஆம் வயதில், வந்திருப்பது பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். அதன்பின் உறவினர்களும், ஊராரும், மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் என்னிடம் கேட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் கிளைகள்தாம்: இது எதனால் வந்தது? அடித்த மருந்தாலா, குடித்த தண்ணீராலா, பாலாற்றில் கலந்த தோல் கழிவாலா? நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் வெளிவந்த ஆய்வுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை, பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் கேட்கும் முறையிலேயே இங்கு எழுதியிருக்கிறேன்.

கை நடுங்கினாலே பார்க்கின்சன் நோயா?

இல்லை. வயதானவர்களின் கை நடுக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. காபி டம்ளரைத் தூக்கும்போதோ கையெழுத்துப் போடும்போதோ மட்டும் இரண்டு கைகளும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கமாக இருக்கும். பார்க்கின்சன் நடுக்கம் பொதுவாக ஒரு பக்கத்தில் தொடங்கும். கை மடியில் சும்மா கிடக்கும்போது தெரியும், வேலை செய்யும்போது குறையும். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரலாம். அசைவு மெதுவாவதும் தசை இறுகுவதுமே இதில் முதன்மையானவை.

எங்கள் வீட்டில் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது பால் கணக்கு நோட்டு. சொசைட்டிக்கு ஊற்றும் பாலை அப்பா தினமும் அதில் குறித்துவைப்பார். ஓராண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, தை மாதத்தில் வரிக்கோட்டை முட்டிக்கொண்டிருந்த எழுத்துகள் ஆடியில் பாதியாகி, கார்த்திகையில் எறும்பு ஊர்ந்தது போலச் சுருங்கியிருந்தன. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றுதான் அன்று நாங்கள் நினைத்தோம்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் சிறிய கருநிறப் பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, உடலின் அசைவுகள் தடையின்றி நடக்க உதவுகின்றன. அந்த அணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால் வருவதே இந்நோய். அவற்றில் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் மேலோ அழிந்த பிறகுதான் வெளியே அறிகுறி தெரிகிறது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்து எழுதினார். தமிழில் நடுக்குவாதம், உதறுவாதம் என்று சொல்வதுண்டு.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே, பின் எப்படி வந்தது?

பரம்பரையில் யாருக்கும் இல்லாமல் வருவதுதான் வழக்கம். இந்நோய் உள்ளவர்களில் நெருங்கிய உறவினருக்கும் இது இருப்பது நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். தனியொரு மரபணுக் கோளாறே நோயை உண்டாக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அவை குறைவு. 1999இல் அமெரிக்காவில் வெளியான இரட்டையர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. நோய்க்கு மரபணுதான் முழுக்காரணம் என்றால் ஒருவருக்கு வரும்போது மற்றவருக்கும் பெரும்பாலும் வர வேண்டும். ஐம்பது வயதுக்கு முன் நோய் வந்தவர்களிடம் அப்படித்தான் இருந்தது. ஐம்பதுக்குப் பின் வந்தவர்களிடமோ, ஒரே கரு இரட்டையருக்கும் வேறு கரு இரட்டையருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே முதுமையில் வரும் பார்க்கின்சனில், பிறந்த பிறகு உடல் எதிர்கொண்டவற்றுக்குப் பெரிய பங்கு இருந்தாக வேண்டும். வயதே முதல் ஆபத்துக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள். 25 ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இரட்டித்திருந்தது. மக்கள் நீண்டகாலம் வாழ்வது இதற்கு முக்கியக் காரணம். அது மட்டுமே காரணமா என்பதில்தான் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

வெளியிலிருந்து வரும் நச்சு இந்நோயை உண்டாக்கும் என்று எப்படித் தெரிந்தது?

1982இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகர் மருத்துவமனைகளுக்குச் சில இளைஞர்கள் சிலைபோல் உறைந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்கள். பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. அறிகுறிகள் அனைத்தும் முற்றிய பார்க்கின்சன் நோயுடையவை. வயதோ அதற்குச் சற்றும் பொருந்தவில்லை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் விசாரித்தபோது, அவர்கள் எல்லோரும் திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் என்பது தெரிந்தது. தயாரித்தவரின் கவனக்குறைவால் அதில் எம்.பி.டி.பி. என்ற வேறொரு பொருள் உருவாகியிருந்தது. 1983இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது.

அந்தப் பொருள் செயல்படும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பதில்களில் பலவும் இதைச் சார்ந்தவை. எம்.பி.டி.பி. நேரடியாக நஞ்சு அன்று. மூளைக்குள் நுழைந்தபின் அங்குள்ள நொதி ஒன்று அதை எம்.பி.பி. என்னும் நஞ்சாக மாற்றுகிறது. டோபமினை உள்ளிழுத்துக்கொள்ளும் வாயில் வழியாகவே அது டோபமின் அணுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. வீட்டுக்காரன் என்று நினைத்துத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவது போன்றது இது. உள்ளே போனதும், அணுவுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்ட வேலையை நிறுத்திவிடுகிறது. ஆற்றல் இன்றி அணு சாகிறது. மூளையின் மற்ற பகுதிகளை அவ்வளவாகத் தொடாமல், அந்தக் கருநிறப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கக்கூடிய வேதிப்பொருள் உண்டு என்பது முதன்முதலாக மனிதர்களிடமே நிரூபணமானது. அதுவரை இந்த வழியில் யோசித்தவர்கள் வெகு சிலர்.

பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் காரணமாகுமா?

சுற்றுச்சூழல் காரணங்களில் சான்றுகள் அதிகம் சேர்ந்திருப்பது இவற்றின் மீதுதான். எம்.பி.பி. நஞ்சின் வேதி வடிவத்தை வரைந்து பார்த்த ஆய்வாளர்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. இரண்டின் வடிவமும் அவ்வளவு ஒத்திருந்தன. செயல்படும் வழி சற்று வேறு என்று பின்னர் தெரிந்தது: பாராகுவாட் அணுக்களுக்குள் ஆக்சிஜன் சார்ந்த சிதைவைத் தூண்டுகிறது. செடிவேர்களிலிருந்து எடுக்கப்படும் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியோ, எம்.பி.பி. தாக்கும் அதே இடத்தை மைட்டோகாண்ட்ரியாவில் தாக்குகிறது. 2000இல் எலிகளுக்குத் தொடர்ந்து ரோட்டினோன் செலுத்தியபோது, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காண்பது போன்ற மாற்றங்கள் அவற்றுக்கும் வந்தன. ரோட்டினோன் செடியிலிருந்து வருவது என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது; வேருக்கும் இலைக்கும் அப்படியொரு உத்தரவாதம் கிடையாது.

2011இல் அமெரிக்காவின் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் விவசாயக் குடும்பத்தாரிடையே நடந்த ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு என்று காணப்பட்டது. இதை எல்லோரும் ஏற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தயாரிக்கும் நிறுவனங்கள் மறுக்கின்றன, தொடர்பு காட்டாத ஆய்வுகளும் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் பாராகுவாட் 2007இலிருந்து இல்லை. கேரளம் 2011இலும் தாய்லாந்து 2020இலும் அதைத் தடை செய்தன. இந்தத் தடைகளுக்குப் பெரும்பாலும் அதன் உடனடி நஞ்சே காரணம். உட்கொண்டவரைக் காப்பாற்ற முறிவு மருந்து கிடையாது. பிரான்ஸ் அரசு 2012இல், பூச்சிமருந்தோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்வழி நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு வழி செய்தது. நம் ஊரில் அப்படியொரு கோரிக்கையை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது என்பதுகூட யாருக்கும் தெரியாது.

என் தந்தையின் தலைமுறைக்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1997இல் தடை வருவதற்கு முன், வட ஆற்காட்டில் பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்துப் பவுடர் இல்லாத விவசாய வீடு அரிது. பழைய வேட்டித் துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி, பனிக்காலக் காலையில் வயல் வரப்பில் நடந்தபடி அதைக் குச்சியால் தட்டித் தட்டித் தூவுவார்கள்; புருவமும் மீசையும் வெளுத்துப்போய் வீடு திரும்புவார்கள். கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் உடலைவிட்டு நீங்காத ஆர்கனோகுளோரின் வகை அது. அந்தப் பவுடரின் ஒரு கூறு பார்க்கின்சன் நோயாளிகளின் ரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததை 2009இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதே வகையைச் சேர்ந்த டைல்ட்ரின், நோயாளிகளின் மூளைத் திசுவிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

மருந்தைக் குடிக்கவில்லை, அடித்ததோடு சரி. உடலுக்குள் எப்படிப் போகும்?

பெரும்பாலும் தோல் வழியாக. மூக்கு, வாய் எல்லாம் அதற்குப் பிறகு.

கத்தரித் தோட்டத்தில் அப்பா மருந்தடித்ததை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் ருசியை மனிதர்களுக்கு முன்பே தண்டுத்துளைப்பானும் காய்ப்புழுவும் கண்டுகொண்டன. புழு தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்திருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. எட்டாததால் மறுபடியும் அடிப்பார்கள். காய்ப்புப் பருவத்தில் எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை அடித்ததுண்டு. முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானின் மூடியில் வாஷர் தேய்ந்திருக்கும். குனியும்போதெல்லாம் கரைசல் தளும்பி முதுகுத் தண்டு வழியாக வழிந்து, இடுப்பில் லுங்கிக் கட்டை நனைக்கும். அந்த ஈரத்தோடு மூன்று மணி நேரம் நடப்பார். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவார். முடிந்ததும் பம்புசெட் தொட்டியில் தெளிப்பானையும் கையையும் கழுவிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து கூழ் குடிப்பார். அந்த லுங்கியை அம்மா மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தார். இதில் எங்கே தவறு என்று கேட்டால், எல்லா இடத்திலும்தான். ஆனால் வேறு எப்படிச் செய்வது என்று மருந்துக் கடையிலோ வேறெங்கோ யாரும் அவருக்குச் சொன்னதில்லை. டப்பாவில் ஒட்டிய தாளின் எழுத்துகளைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

வியர்வையில் நனைந்த, வெப்பத்தால் ரத்த ஓட்டம் கூடிய தோல் இன்னும் எளிதாக நச்சை உறிஞ்சும். வேலூர் வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் பிளாஸ்டிக் மேலங்கி போடச் சொல்பவர் ஒருமுறை போட்டுக்கொண்டு அரை ஏக்கர் அடித்துப் பார்க்கட்டும். நடக்கக்கூடியவை வேறு: வாஷரை மாற்றுதல், விடியற்காலையில் அடித்தல், நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளித்தல், அந்தத் துணியைத் தனியே துவைத்தல். மேற்சொன்ன அமெரிக்க விவசாயிகளிடமே பின்னர் தொடர்ந்த ஆய்வில், பாராகுவாட்டின் ஆபத்து கையுறையைச் சரிவர அணியாதவர்களிடத்தில்தான் தெரிந்தது. சில ரூபாய் விலையுள்ள ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அபூர்வம்.

அப்படியென்றால் அந்தக் காய்கறியைச் சாப்பிடுகிறவர்களுக்கும் வருமா?

மேலே சொன்ன சான்றுகள் மருந்தைக் கையாண்டவர்களையும், மருந்தடிக்கும் வயல்களை ஒட்டி வாழ்ந்தவர்களையும் பற்றியவை. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அளவு அதில் மிகச் சிறிய பங்கு. நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். கத்தரிக்காயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பாலாற்றில் கலந்த தோல் கழிவால் இந்நோய் வருகிறதா?

எங்கள் பகுதியில் அதிகம் கேட்கப்படுவதும் அதிகக் கோபத்தோடு கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான். கோபத்துக்குக் காரணம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரும் விளைநிலமும் கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் பதிவு செய்திருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாறு குறித்து மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

ஆனாலும் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: தோல் கழிவில் முதன்மையான உலோகமான குரோமியம் பார்க்கின்சன் நோயை உண்டாக்குகிறது என்பதற்கு நிலைநாட்டப்பட்ட சான்று கிடையாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ரசாயன ஆலையின் பின்புறம் லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்த கழிவில் இருந்த ஆறு இணைதிறன் குரோமியம் என்னும் கொடிய வடிவம் நுரையீரல் புற்றுநோயையும், தோலில் ஆறாப் புண்களையும், மூக்கின் நடுச்சுவரில் துளையையும் உண்டாக்கக்கூடியது. அதன் பாவக் கணக்கு ஏற்கனவே நீளமானது. செய்யாததையும் அதன் தலையில் கட்டினால் செய்தவற்றைப் பற்றிய வழக்குதான் பலவீனப்படும். எங்கள் உறவினர் ஒருவர், தம் பார்க்கின்சனுக்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர்தான் என்று உறுதியாக நம்பிக்கொண்டு, கொல்லையில் வெறுங்கையால் களைக்கொல்லி கலக்குவதை நிறுத்தவே இல்லை. தவறான இடத்தில் காரணத்தைத் தேடுவதால் வரும் கேடு இதுதான்.

தோல், ஷூ ஆலைகளின் கெமிக்கல் வாசனையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து உண்டா?

இங்கே நிலைமை வேறு. ஆலைக்கு வெளியே ஓடும் உப்பு நீரைவிட, ஆலைக்கு உள்ளே ஆவியாகும் கரைப்பான்களைப் பற்றித்தான் இந்நோய் குறித்துக் கேட்க வேண்டும். அவற்றுள் மிகுந்த சான்றுள்ளது டிரைகுளோரோஎத்திலீன். உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவவும், துணிக் கறை நீக்கவும், சில ஒட்டும் பசைகளிலும் உலகெங்கும் பயன்பட்டது இது. அமெரிக்காவின் வட கரோலினாவில் லெஜூன் என்னும் படைமுகாமின் குடிநீரில் இது பல ஆண்டுகள் கலந்திருந்தது. அங்கு வாழ்ந்த வீரர்களையும், கலிஃபோர்னியாவில் மாசற்ற நீருள்ள பெண்டில்டன் முகாமில் வாழ்ந்த வீரர்களையும் ஒப்பிட்ட 2023 ஆய்வில், முன்னவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது. குடித்தது இருபது வயதில். நோய் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இந்த வேதிப்பொருளைத் தடை செய்யும் விதியை வெளியிட்டது.

நம் பட்டறைகளில் தின்னர் என்றும் சொல்யூஷன் என்றும் ஒரே பெயரில் வருபவை உண்மையில் பல பொருள்களின் கலவை. டொலுவீன் ஒன்று, ஹெக்சேன் ஒன்று. ஹெக்சேன் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும், அது பார்க்கின்சனிலிருந்து வேறுபட்ட நோய். ஆகவே வேலை செய்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது டின்னில் இருப்பதன் வேதிப்பெயரை. மேஸ்திரியிடம் கேட்டால் தெரியாது என்பார். டின்னில் ஒட்டியிருக்கும் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதே நடக்கிற வழி. மூக்கைத் துணியால் கட்டுவது ஆவியைத் தடுக்காது. ஜன்னலும் வெளியேற்றும் விசிறியும் தடுக்கும்.

வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு?

வெல்டிங் ராடிலும் எஃகிலும் மாங்கனீசு இருக்கிறது. புகையோடு அது நுரையீரலுக்குள் போகும். 1837இலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கூப்பர் என்னும் மருத்துவர், மாங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளர்களுக்குக் கால் தளர்ந்து, பேச்சு மங்கி, உடல் முன்சாய்ந்ததை எழுதிவைத்தார். இது பார்க்கின்சனைப் போலவே தோன்றும் தனி நோய். மூளையில் தாக்கும் இடம் வேறு. நுனிக்காலில் சேவல் போல நடப்பதும் பின்பக்கமாக விழுவதும் இதில் சீக்கிரமே வரும். பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரப்படும் லெவோடோபா மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. வழக்கமான பார்க்கின்சனும் வெல்டர்களுக்குக் கூடுதலா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் பாய்லர் தொழிலைச் சுற்றி வெல்டிங் பட்டறைகள் ஏராளம். திறந்தவெளியில் ராடு பிடிப்பவரைவிட, தொட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் இறங்கிப் பற்றவைப்பவருக்கே ஆபத்து மிகுதி.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

கிருமிக்குப் போதும், பூச்சிமருந்துக்கு உதவாது. வற்றக் காய்ச்சினால் ஆவியாகாத நச்சு இன்னும் செறிவாகத்தான் ஆகும். கலிஃபோர்னியாவின் விவசாயப் பள்ளத்தாக்கில், மருந்தடித்த வயல்களின் நடுவே இருந்த வீட்டுக் கிணறுகளிலிருந்து குடித்தவர்களுக்கு இந்நோய் கூடுதலாக இருந்ததை 2009 ஆய்வு காட்டியது. நம் பக்கத்தில் தெளிப்பான் கழுவும் இடமே கிணற்று மேடையாக இருப்பதை முதலில் மாற்றலாம்.

முள்சீத்தா இலைக் கஷாயம் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

புற்றுநோயைத் தீர்க்கும் என்று சொல்லி முள்சீத்தாப் பழமும் இலைப்பொடியும் சில ஆண்டுகளாக நன்றாக விற்கின்றன. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகைப் பார்க்கின்சன் நிலை அளவுக்கு மீறிக் காணப்பட்டதை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்நோயாளிகள் முள்சீத்தாவையும் அதன் இனமான சீத்தாவையும் பழமாகவும் இலைக் கஷாயமாகவும் நீண்டகாலம் உட்கொண்டவர்கள். முள்சீத்தாவில் உள்ள அனோனாசின் என்னும் பொருள், ரோட்டினோனைப் போலவே மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்டத்தைத் தடுக்கிறது. எலிகளுக்குச் செலுத்தியபோது மூளை அணுக்களை அழித்தது.

ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் கூடைகூடையாக இறங்கும் பருவத்தில் இதைச் சொல்ல எனக்கே தயக்கம். பருவத்தில் நாலு பழம் சாப்பிடுவதற்கு எதிராக எந்தச் சான்றும் இல்லை, நாங்களும் சாப்பிடுகிறோம். ஆண்டு முழுவதும் நாள்தோறும் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு காரியம். ஏற்கனவே பார்க்கின்சன் உள்ளவர் அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

மாத்திரையால் இப்படி ஆகுமா?

ஆகும், இதைத் தவறவிடக் கூடாது. தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளுனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநல மருந்தான ஹாலோபெரிடால் ஆகியவை நீண்டநாள் போட்டால் பார்க்கின்சன் போன்ற நிலையைக் கொண்டுவரலாம். எப்போதோ எழுதித்தந்த பழைய சீட்டைக் காட்டித் தலைசுற்றல் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடும் பெரியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! டோபமின் குறைந்தால் உடல் உறையும் என்ற அறிவே 1950களில், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்ததில்தான் பிறந்தது. மருந்தால் வந்த நிலை, மருந்தை நிறுத்தினால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும். நிறுத்துவதை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பீடி பிடிப்பவருக்கு இந்நோய் வராதாமே?

புகைப்பவர்களிடமும் காபி குடிப்பவர்களிடமும் இந்நோய் சற்றுக் குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகளில் உண்மையாகவே காணப்பட்டிருக்கிறது. நிகோட்டின் காக்கிறதா, அல்லது நோய்க்கு உள்ளாகப்போகும் மூளைக்கே புகையில் நாட்டம் குறைவா என்பது விவாதத்தில் உள்ளது. நோயாளிகளுக்கு நிகோட்டின் பட்டை ஒட்டிப் பார்த்த சோதனை நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. காபியைத் தாராளமாகக் குடிக்கலாம். பீடிக்கு இதை ஒரு சாக்காகக் கொள்ள வேண்டாம்.

என் அப்பாவுக்கு எதனால் வந்தது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் உள்ளே போனது பெரும்பாலும் இன்று ரத்தத்தில் இருக்காது. இருந்தாலும் அதுதான் காரணம் என்று அது சொல்லாது. புள்ளிவிவரம் ஆயிரம் பேரைப் பற்றிப் பேசும், ஒருவரைப் பற்றி வாய் திறக்காது. நோய் உண்மையில் எப்போது தொடங்கியது என்பதே மங்கலானது. மணம் தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கையை வீசுவது ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரலாம். ரசத்தில் பெருங்காயம் போடவில்லையா என்று அப்பா அம்மாவிடம் சண்டை போட்டது நோய் தெரிவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு. அம்மா போட்டுத்தான் இருந்தார்.

இருந்தாலும் தொழில் வரலாற்றை எழுதி மருத்துவரிடம் கொடுப்பது வீண் அன்று. மாங்கனீசு, மாத்திரை, கஷாயம் போன்றவை இருந்தால் நோயின் பெயரும் சிகிச்சையும் மாறக்கூடும். எந்த ஆண்டுகளில் என்ன பயிர், என்ன மருந்து, யார் கலந்தது, எந்தக் கிணறு என்பதை நாங்கள் அந்தப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதினோம். மருந்துகளின் பெயர் அப்பாவுக்கு நினைவில்லை. டப்பாக்களின் நிறம் ஒவ்வொன்றும் நினைவிருந்தது.

இப்போது மருந்தடிப்பதை நிறுத்தினால் நோய் குறையுமா?

அழிந்த அணுக்கள் திரும்பி வருவதில்லை. குறையும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. லெவோடோபா மாத்திரையும் விடாத உடற்பயிற்சியும்தான் அன்றாடத்தை நடத்தித் தருபவை. நிறுத்துவதன் பயன் இன்னும் நோய் வராதவர்களுக்கு.

எங்கள் தோட்டத்தை இப்போது தம்பி பார்க்கிறான். காய்ப்புழுவின் ஆண் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டியிருக்கிறான். புழு புகுந்து நுனி வாடிய தண்டுகளைக் கிள்ளிச் சேர்த்து எரிக்கிறோம். மருந்தடிப்பது அடியோடு நின்றுவிடவில்லை, பருவத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைந்திருக்கிறது, அதுவும் கையுறையோடு. தண்டு கிள்ளும் வேலையை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, விரல்கள் இளகும் வேளையில் வாளியோடு இறங்குவார். இரண்டு வரிசை முடிப்பதற்குள் விரல்கள் மறுபடி இறுகத் தொடங்கும். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வரப்புக்கு வந்துவிடுவார், மீதியைத் தம்பி கிள்ளுவான்.